டீச்சர் சொல்ற வரைக்கும்

தோப்பூர் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
17.6.2024

ஐரின் டீச்சருக்கு, ரங்கநாயகி கும்பிட்டு எழுதுறது. உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். உங்களை நம்பித்தான் நான் இங்க வந்து படுத்திருக்கேன்.

ஏன்டா இவ போன் பண்ணாம லெட்டர் போடுறான்னு நினைப்பீங்க. நெஞ்சில இருந்த டி.பி. சனியன் தொண்டைக்கும் ஏறிருச்சாம். டாக்டரம்மா ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னுட்டாங்க. மீறிப் பேசுனா குரல் மொத்தமாப் போயிருமாம். தண்ணி வேணும்னாக்கூட டம்ளரைத் தட்டித்தான் கேக்குறேன். எட்டாப்பு வரைக்கும் படிச்சது இப்பத்தான் உதவுது. வியாழக்கிழமை வார்டுக்கு ரொட்டியும் முட்டையும் கொண்டார உங்க வண்டி ஓட்டுற சுருளி அண்ணே, லெட்டரைக் கொண்டுபோய்க் குடுத்துப் பதிலும் வாங்கியாரேன்னு சொல்லிருக்காரு.

அன்னைக்கு ஏ.வி. பாலத்தடியில என்னைய ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்ப காவ்யா உங்க கையைப் புடிச்சுக்கிட்டு நின்னா. அழுகல. அதுதான் என்னையத் தூங்க விட மாட்டேங்குது. ஏழு வயசுப் புள்ள அழுகணும்ல? அவங்க அப்பாவை லாரி அடிச்சுப் போட்ட அன்னைக்கும் இப்படித்தான் நின்னா. வாடகை பாக்கின்னு வீட்டு ஓனரு எங்க சாமானைத் தெருவுல தூக்கிப் போட்ட அன்னைக்கும் இப்படித்தான்.

வேத்தாளைக் கட்டுனேன்னு எங்க சௌராஷ்ட்ரா சனம் என்னையத் தலைமுழுகி ஒம்போது வருசமாச்சு. அவரு சனம் அவரோட போச்சு. பாலத்தடியில கிடந்த ரெண்டு வருசத்துல, ஞாயித்துக்கிழமை தவறாம நீங்களும் உங்க கூட்டாளி டீச்சருங்களும் சோறு கொண்டாந்து, சோத்தோட விட்டுராம புள்ளைகளை உக்காத்தி வச்சு அ, ஆ சொல்லிக் குடுத்தீங்க. காவ்யாவுக்கு இந்த ஊர்ல என்னையத் தெரியும், உங்களைத் தெரியும். அம்புட்டுத்தான்.

அவ இப்ப எங்க இருக்கா? யாரு தலை சீவி விடுறா? டீச்சர் சொல்றபடி கேட்டு நடக்கணும்னு அம்மா சொன்னான்னு அவகிட்டச் சொல்லுங்க. சீக்கிரம் எழுதுங்க டீச்சர்.

ரங்கநாயகி


கோச்சடை
24.6.2024

ரங்காவுக்கு, கர்த்தர் உன்னைத் தொட்டுக் குணமாக்கட்டும். என் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை, எப்போதும் போல என்னைத் திட்டிக்கொண்டே நடக்கிறது.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். ஆறு மாதமாக இருமிக்கொண்டு, கேட்டால் "தூசி டீச்சர், தூசி" என்று என்னையே ஏமாற்றினாயே, என்ன தைரியம் உனக்கு? முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளோடு மாரடித்தவள் நான். ஒரு பிள்ளை வயிற்று வலி என்றால் அது வீட்டுப்பாடம் எழுதாத வலியா, நிஜ வலியா என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். உன்னிடம் கோட்டை விட்டேன்.

காவ்யா நல்ல இடத்தில் இருக்கிறாள். என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். மருமகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவள் கீழே இறங்கவே இல்லை. மூன்று விடுதிகளில் கேட்டேன். "டி.பி. வீட்டுப் பிள்ளையா? மற்ற பிள்ளைகள் இருக்கிறார்களே மேடம்" என்றார்கள். நானே எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எடுத்து, ஒன்றும் இல்லை என்று காகிதத்தைக் காட்டியும் கதவைச் சாத்தினார்கள். நாலாவது இடத்தில் சேர்த்துவிட்டேன். எப்படிச் சேர்த்தேன் என்று கேட்காதே. அது என் வேலை. மாத்திரையை ஒரு வேளை விடாமல் விழுங்குவது உன் வேலை.

விடுதிக்கு நேராக எதுவும் எழுதிவிடாதே. எது கேட்பதானாலும் என்னிடம் கேள். தலை சீவ வேண்டிய அவசியமே இல்லை, பேன் என்று ஒட்ட வெட்டிவிட்டார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, பாய், தலையணை, யூனிபாரம். போதுமா?

முட்டையை அடுத்த கட்டிலுக்குத் தானம் பண்ணாமல் நீயே சாப்பிடு.

உன் டீச்சர்,
ஐரின்


தோப்பூர்
15.7.2024

டீச்சருக்கு, ரங்கா எழுதுறது. ரெண்டு கிலோ கூடியிருக்கேன். நர்ஸம்மா எடை மிஷின்ல நிக்க வச்சுட்டுக் கை தட்டுனாங்க. உங்க லெட்டரைத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு நாலு தரம் படிக்கிறேன். நீங்க திட்டுறது நேர்ல நின்னு திட்டுற மாதிரியே இருக்கு.

முடியை வெட்டிட்டாங்களா? போகுது, வளந்துரும்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவ கையால ஒரு வரி எழுதி வாங்கிக் குடுங்க. தப்பும் தவறுமா இருந்தாலும் சரி. அப்புறம், அவ தூக்கத்துல எங்க வீட்டுப் பேச்சுலதான் உளறுவா. அம்பா, அம்பான்னு கூப்புடுவா. அம்பான்னா எங்க பேச்சுல அம்மா. கூப்புட்டா நான் முதுகுல ரெண்டு தட்டுத் தட்டுவேன், தூங்கிருவா. அங்க இருக்கிறவங்களுக்கு அது புரியாது. பேய் கீய் புடிச்சிருக்குன்னு நினைச்சு அடிச்சுறப் போறாங்க. முதுகுல தட்டச் சொல்லுங்க, போதும்.

அவளை டீச்சர் சொல்றபடி கேட்டுக்கிறச் சொல்லுங்க.

ரங்கநாயகி


கோச்சடை
12.8.2024

ரங்காவுக்கு, சமாதானம் உண்டாகட்டும். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். தல்லாகுளத்தில் சாயங்காலப் பாடத்துக்காக நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் கூடத்தில் மழைத் தண்ணீர் இறங்கி, பாலத்தடிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் எல்லாம் ஊறிப்போயின. வாடகை கொடுக்கிற ஜனகராஜ் சாரிடம் போய் நின்று, அவர் ஓடு வேய்கிறவனைப் பிடித்து, அதற்குள் மாதம் ஓடிவிட்டது.

காவ்யாவுக்கு மேல் பல் விழுந்துவிட்டது. விழுந்த பல்லைக் கொடுக்க மாட்டேன் என்று கையில் மூடிக்கொண்டே இரண்டு நாள் திரிந்தாளாம். கணக்கில் விடுதியிலேயே முதல். உளறுவதெல்லாம் இப்போது கிடையாது. சுத்தமாகத் தமிழில்தான் பேசுகிறாள்.

கடிதம் எழுதி வாங்க முடியாது ரங்கா. அங்கே அதற்கெல்லாம் விதி இருக்கிறது. பதிலுக்கு அவள் வரைந்த படம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சுருளியிடம் கொடுத்தனுப்புகிறேன். பாலமும், பாலத்துக்குக் கீழே அடுப்பும் வரைந்திருக்கிறாள். இது எந்த இடம் என்று வார்டன் கேட்டதற்கு, "சும்மா வரைஞ்சேன்" என்றாளாம். கெட்டிக்காரி.

கவலைப்படாமல் இரு. தூங்கு.

ஐரின்


தோப்பூர்
9.9.2024

டீச்சருக்கு ரங்கா எழுதுறது. உங்க சுகத்தை எழுதுங்க. என் சுகத்தை எழுதுற மாதிரி இல்ல.

மருந்து கேக்கல டீச்சர். மூணு மாசம் தின்ன மாத்திரை அம்புட்டும் வீண். இது சாதாரண டி.பி. இல்லையாம், மருந்துக்கு மசியாத டி.பி.யாம். கூடுன ரெண்டு கிலோவும் போச்சு, மேல மூணும் போச்சு. புது மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. அதைத் தின்னா உடம்பெல்லாம் கருத்துப்போகுது, காலு எரியுது. என் பக்கத்துக் கட்டில் ஆரோக்கியம் அக்காவுக்கும் இதே மாத்திரைதான். போன செவ்வாக்கிழமை விடிகாலையில போய்ச் சேந்துருச்சு. அந்தக் கட்டில்ல இப்ப வேற ஒரு அம்மா படுத்திருக்கு.

நான் உங்ககிட்ட நேரா கேக்குறேன், நீங்களும் நேரா சொல்லுங்க. நான் போயிட்டா காவ்யா யாரு கைக்குப் போவா? மறுபடி பாலத்தடிக்கா? பன்னெண்டு பதிமூணு வயசாகி அவ அந்தப் பாலத்தடியில படுத்துக் கிடக்கிறதை நினைச்சா எனக்கு இருமல்கூட நின்னு போகுது. அந்த நினைப்புக்கு நான் சாகக்கூட முடியாது டீச்சர்.

அவளை நீங்க சொல்றபடி கேக்கச் சொல்லுங்க.

ரங்கா


கோச்சடை
16.9.2024

ரங்கா, உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். அழுததற்கும் சேர்த்து உன்மேல் கோபம் வருகிறது.

சாகிற பேச்சை இனி எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன். புது மாத்திரை வேலை செய்ய நாளாகும் என்று எனக்குத் தெரிந்த டாக்டர் சொல்கிறார். உடம்பு கருத்தால் கருக்கட்டும். நீ என்ன கல்யாணப் பெண்ணா?

காவ்யா பாலத்தடிக்குப் போக மாட்டாள். நான் உயிரோடு இருக்கிற வரை போக விட மாட்டேன். நீ எழுந்து வா, உன் பிள்ளையை உன் கையில் கொண்டுவந்து கொடுப்பேன். இது ஐரின் கொடுக்கிற வாக்கு. நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்ன சொல்லைக்கூடத் தவறியதில்லை.

கர்த்தர் உன் பக்கத்தில் இருக்கிறார்.

ஐரின்


தோப்பூர்
20.10.2024

டீச்சருக்கு ரங்கா எழுதுறது. நீங்களும் வீட்டுல எல்லாரும் சௌக்கியமா இருக்கணும்.

காவ்யாவைப் பத்தி இனி நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நீங்க எது செஞ்சாலும் அவ நல்லதுக்குத்தான் செய்வீங்க.

அவளுக்குக் கத்திரிக்கா ஆகாது, உதடு தடிச்சுரும். இடி இடிச்சா காதைப் பொத்தி விடணும், அவளாப் பொத்திக்கிட மாட்டா, அப்படியே வெறச்சு நிப்பா. பால்ல ஆடை இருந்தா குடிக்க மாட்டா, வடிகட்டித்தான் குடுக்கணும். புதுச் செருப்பு வாங்கிக் குடுத்தா முதல் நாள் கக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் நடப்பா, அதுக்குத் திட்டக் கூடாது. இதையெல்லாம் அவளை யாரு வளக்குறாங்களோ அவங்ககிட்டச் சொல்லிருங்க.

வேற ஒண்ணும் இல்ல.

ரங்கநாயகி


தோப்பூர்
8.1.2025

டீச்சருக்கு ரங்கா எழுதுறது. அக்டோபர்ல நான் போட்ட லெட்டருக்கு நீங்க பதில் போடல. கிறிஸ்துமஸுக்கு சுருளி அண்ணே கேக் கொண்டாந்தாரு. லெட்டர் எங்கன்னு கையைக் காட்டிக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, டீச்சர் ஒண்ணும் தரலைன்னாரு. கேக்கை நான் திங்கல. வார்டுக்குக் குடுத்துட்டேன்.

டீச்சர், நான் பொழைச்சுட்டேன்.

நவம்பர், டிசம்பர் ரெண்டு மாசமும் சளியில ஒண்ணும் இல்ல. டாக்டரம்மா காகிதத்தை என் கையிலயே குடுத்து, நீயே படின்னாங்க. நாப்பத்தோரு கிலோ இருக்கேன். பேசலாம்னும் சொல்லிட்டாங்க. ஆனா பழைய குரல் வரல. கரகரன்னு, ஆம்பளை தொண்டை கட்டுன மாதிரி வருது. எனக்கே நான் பேசுறது யாரோ பேசுற மாதிரி இருக்கு. பாதகமில்ல. ஆஸ்பத்திரிக்கு வார ஒரு அம்மா டி.கல்லுப்பட்டியில பள்ளிக்கூட விடுதி ஒண்ணுல தோட்ட வேலையும் துணி துவைக்கிற வேலையும் பேசி வச்சிருக்கு. தங்க ஒரு ரூமு. கதவு இருக்கு டீச்சர், உள்பக்கம் தாப்பாளும் இருக்கு. மிச்ச மாத்திரையை அங்க இருந்தே சாப்புடலாம்.

பொங்கல் கழிச்சு என்னைய விட்டுருவாங்க. நேரா உங்க வீட்டுக்கு வாரேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. காவ்யா இன்னும் விடுதியிலதான இருக்கா? யாரும் கூட்டிட்டுப் போயிறலையே?

ரங்கா


கோச்சடை
11.1.2025

ரங்கா,

விடுதியில்தான் இருக்கிறாள். சுகமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

போன ஜூன் மாதம் மூன்று இடத்தில் கதவைச் சாத்தினார்கள் என்று எழுதினேன் அல்லவா? அன்று சாயங்காலம் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தாய் டி.பி. ஆஸ்பத்திரியில் என்று சொன்னால்தானே சேர்க்க மாட்டார்கள், தாயே இல்லை என்றால்? காவ்யாவை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கேயிருந்து போலீசுக்குப் போன் பண்ணி, தனியாக ஒரு பிள்ளை நிற்கிறது, யார் பெற்றது என்று தெரியவில்லை என்றேன். அவர்கள் முறைப்படி குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தினார்கள். குழு விடுதியில் சேர்த்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளையைக் கண்டெடுத்தவள் என்ற சாக்கில் அவ்வப்போது போய்ப் பார்க்கவும் விட்டார்கள். நான் கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாக வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் குடித்தேன்.

அதற்கு முன்னால் ஆட்டோவில் உன் பிள்ளைக்குப் பாடம் நடத்தினேன். அம்மா பேர் என்ன? தெரியாது. எந்த ஊர்? தெரியாது. யாருடன் வந்தாய்? தெரியாது. ஐந்து தரம் சொல்ல வைத்தேன். ஐந்தாவது தரம் தப்பில்லாமல் சொன்னதற்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். உங்கள் வீட்டுப் பேச்சையும் பேசக் கூடாது என்றேன். பேசினால் எந்தச் சனம் என்று கண்டுபிடித்து, தேடிக்கொண்டு உன்னிடம் வந்துவிடுவார்கள் என்ற பயம். "டீச்சர் வந்து, இனிமேல் சொல்லலாம் என்று சொல்கிற வரைக்கும், யார் கேட்டாலும் தெரியாதுதான்" என்றேன். சரி என்று தலையாட்டினாள். போலீஸ் கேட்டது, குழுவில் கேட்டார்கள், வார்டன் கேட்டார். ஏழு மாதமாக அந்தப் பிள்ளை வாய் தவறவில்லை ரங்கா. அவள் ஏன் தூக்கத்தில்கூட உளறுவதில்லை என்று இப்போது உனக்குப் புரியும்.

யாரும் தேடி வராத பிள்ளையைச் சட்டம் அப்படியே விட்டுவைக்காது. பேப்பரில் படம் போடுவார்கள். கெடு முடிந்தும் யாரும் வரவில்லை என்றால், தத்துக் கொடுக்கலாம் என்று உத்தரவு போடுவார்கள். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அதற்குள் நீ எழுந்து வந்துவிடுவாய், நானே போய்ச் சொல்லித் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். செப்டம்பரில் மருந்து கேட்கவில்லை என்று எழுதினாய். அன்றிலிருந்து நான் சும்மா இருந்துவிட்டேன். நீ போய்விட்டால் அவளுக்கு ஒரு அப்பா அம்மாவாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். வாக்குக் கொடுத்த அதே வாரத்தில் நினைத்தேன். நான் பொய் சொன்னது வெளியே தெரிந்தால் தல்லாகுளம் கூடத்தை மூடிவிடுவார்கள், பாலத்தடியில் இருக்கும் மற்றப் பதினோரு குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்பும் போய்விடும் என்ற பயமும் இருந்தது. அது இரண்டாவது பயம்தான். முதல் பயம் என் மானம்.

டிசம்பரில் உத்தரவு ஆகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிப்ரவரி கடைசியில் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

ஐரின்


தோப்பூர்
13.1.2025

டீச்சர்,

சொகம் கேட்டு எழுதுற நிலைமையில நான் இல்ல.

பேப்பரை நான் அக்டோபர்லயே பாத்துட்டேன். நர்ஸம்மா படிச்சுட்டுப் போட்ட பேப்பர். மொட்டைத் தலையோட ஒரு புள்ள முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. முடியை வெட்டுனதா நீங்க எழுதலைன்னா ஒரு நிமிசம் எனக்கே அடையாளம் தெரிஞ்சிருக்காது. கீழ போட்டிருந்துச்சு: காவ்யா, வயது சுமார் ஏழு, மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டவர், முப்பது நாளைக்குள்ள பெத்தவங்க வரலைன்னா தத்துக் குடுக்கப்படும்னு.

நர்ஸம்மா என் கட்டில்ல இருந்து பத்தடி தள்ளி உக்காந்திருந்தாங்க. பேசத்தான் கூடாது, எந்திரிச்சுப் போய் இது என் புள்ளன்னு எழுதிக் காட்டியிருக்கலாம். அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நான் போகல டீச்சர். படத்தைக் கிழிச்சு மாத்திரை டப்பாவுக்குள்ள வச்சுக்கிட்டேன். டீச்சர் யோசிச்சுத்தான் செஞ்சிருப்பாங்க, நான் எப்படியும் போயிருவேன், எனக்கே சொல்லாம எனக்காக ஒரு வழி பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன். முப்பது நாளும் எண்ணுனேன். ஒவ்வொரு நாளும் அந்த நர்ஸம்மா என் கட்டிலத் தாண்டித் தாண்டிப் போனாங்க. முப்பதாம் நாள் போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். அதுக்கு அடுத்த வாரம்தான் சளியில ஒண்ணும் இல்லன்னு முதல் காகிதம் வந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு டீச்சர், சத்தியமா. ஒரு காகிதத்தை நம்பி உங்களுக்கு எழுதப் பயமா இருந்துச்சு, ரெண்டாவதும் வரட்டும்னு கிடந்தேன்.

நான் செத்துருவேன்னு நினைச்சு நீங்களும் விட்டீங்க. நானும் விட்டேன். ஆனா நான் பெத்தவ. நான் விடலாம், அதுக்கு எனக்கு நரகம் கிடைச்சாலும் அது என் கணக்கு. நீங்க எப்படி விடலாம்? தெரியாதுன்னு சொல்ல வச்சு மிட்டாய் குடுத்தீங்களே, என் பேரைத் தின்னதுக்கா அந்த மிட்டாய்?

நீங்க நல்லவங்கதான். அதுதான் எனக்கு ஆத்திரமா இருக்கு. கெட்டவங்களா இருந்தா நான் புள்ளையை உங்க கையில குடுத்திருக்க மாட்டேன்.

எனக்கு எழுதிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. போங்க. போய் அவங்ககிட்டச் சொல்லுங்க.

ரங்கநாயகி


கோச்சடை
30.1.2025

ரங்கா, டி.கல்லுப்பட்டியில் உனக்கு அறை வசதியாக இருக்கும் என்று நம்புகிறேன். மாத்திரையை விடாதே.

உன் கடிதம் வந்த மறுநாளே கிளம்பினேன். பொங்கல் விடுமுறை, ஆபீஸ் பூட்டியிருந்தது. விடுமுறை முடிந்த அன்று காலையிலேயே போய் நான் செய்தது எல்லாவற்றையும் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குழுத் தலைவி மேடம் இரண்டு தரம் படித்தார். "இத்தனை வருஷம் டீச்சராக இருந்திருக்கிறீர்களே" என்று மட்டும் சொன்னார். தத்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ரத்தாகவில்லை. நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். என்மேல் வழக்கு வரலாம். வரட்டும். ஜனகராஜ் சார் கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பாலத்தடிக்கு நான் போகவில்லை, போகிற முகம் இல்லை. சுருளி மட்டும் சோறு கொண்டுபோனார். பாடம் கிடையாது.

பிப்ரவரி பத்தாம் தேதி, திங்கட்கிழமை, பதினோரு மணிக்கு விசாரணை. உன்னையும் காவ்யாவையும் ஒரே அறையில் வைத்துக் கேட்பார்கள். என்னிடம் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். பாலத்தடியில் ஏது பத்திரம்? ரத்தப் பரிசோதனை எடுப்பார்களாம், அதற்கு நாளாகும். அதுவரைக்கும் பிள்ளை வாயிலிருந்து என்ன வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்களாம்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அவளைப் பார்க்க என்னை விட மாட்டேன் என்கிறார்கள். அறைக்குள்ளும் நான் வரக் கூடாது. விடுதிக்குப் போனேன். "இனிமேல் சொல்லலாம்" என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று வார்டனிடம் கெஞ்சினேன். "நீங்கள் சொல்லிக் கொடுத்தது போதும் டீச்சர்" என்று கேட்டைப் பூட்டினார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. மறுபடியும் நான் பாடம் சொல்லி அனுப்புகிறேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவாள் என்று நீ நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ கருத்துப் போயிருக்கிறாய், உன் குரலும் மாறிவிட்டது. அதெல்லாம்கூடப் பெரிதில்லை. அவள் என் சொல்லை மீற மாட்டாள். டீச்சர் சொல்றபடி கேள் என்று நீயும் முதல் மூன்று கடிதத்திலும் எழுதினாய். அது ஒன்றைத்தான் நான் ஒழுங்காகப் போய்ச் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

நான் வெளியே வராந்தாவில் இருப்பேன்.

ஐரின்


டி.கல்லுப்பட்டி
12.2.2025

டீச்சருக்கு, ரங்கநாயகி எழுதுறது.

வெளியில நீங்க பெஞ்சுல உக்காந்திருந்ததைப் பாத்தேன். உங்க முழங்காலைப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கப் பாத்தீங்க. நான்தான் நிக்காம போயிட்டேன். நின்னா என்ன பேசுவேன்னு எனக்கே தெரியல. அதனாலதான் லெட்டரா எழுதுறேன். உள்ள என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்ல ஆளில்ல.

முதல்ல முடிவைச் சொல்லிடுறேன். புள்ளையை இன்னும் எங்கிட்டக் குடுக்கல. ரத்தம் எடுத்திருக்காங்க, ரெண்டு மாசமாகலாமாம். இங்க வந்து ரூமைப் பாத்துட்டுப் போவாங்களாம். கோயம்புத்தூர்க்காரங்களுக்கு வேற புள்ள பாக்கச் சொல்லிச் சேதி அனுப்பிட்டாங்க. அந்தப் பொம்பளை போன்ல அழுதுச்சாம். அதுவும் பாவம்தான். அதுவரைக்கும் திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒரு மணி நேரம் நான் காவ்யாவைப் பாக்கலாம். இது எப்படிக் கிடைச்சதுன்னு சொல்றேன்.

என்னைய ஒரு நாற்காலியில உக்கார வச்சாங்க. அவளைக் கூட்டியாந்து எனக்கு எதுத்தாப்புல நிப்பாட்டுனாங்க. முடி வளந்து காது வரைக்கும் வந்துருச்சு. புதுச் செருப்பு போட்டிருந்தா. ஒரு சாண் வளந்துட்டா டீச்சர். என்னைய ஒரே ஒரு தரம் நிமிந்து பாத்தா. அப்புறம் என் காலையே பாத்துக்கிட்டு நின்னா. நான் எந்திரிக்கக் கூடாது, பேசக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிருந்தாங்க.

மேடம் மெதுவாத்தான் கேட்டாங்க. இது யாரும்மா தெரியுதா?

தெரியாது.

உங்க அம்மா பேரு என்ன?

தெரியாது.

இவங்களை இதுக்கு முன்னாடி எங்கேயாச்சும் பாத்திருக்கியா?

தெரியாது.

மூணு தரம். தட்டாம, தடுமாறாம, நல்லாப் படிச்ச புள்ள ஒப்பிக்கிற மாதிரி சொன்னா. இதுக்குப் பேசாம தோப்பூர்லயே போயிருக்கலாம்னு நினைச்சேன். மேடம் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கிட்டாங்க. கூட இருந்த சாரு, சரி பாப்பா, நீ போகலாம்னாரு.

அவ போகல. திரும்பி ரெண்டு எட்டு வச்சு எங்கிட்ட வந்தா. என் காது பக்கத்துல வந்து, ரகசியம்னு நினைச்சுக்கிட்டு, அறை பூரா கேக்குற மாதிரி எங்க வீட்டுப் பேச்சுல கேட்டா.

அம்பா, நான் சரியாச் சொன்னேனா?

பேச்சு முழுசும் அங்க யாருக்கும் புரிஞ்சிருக்காது. அந்த மொத வார்த்தை புரிஞ்சுபோச்சு. மேடம் எழுதுறதை நிப்பாட்டிட்டு கண்ணாடியைக் கழட்டிக் கீழ வச்சாங்க.

நான் என்ன சொல்லட்டும்? நீ சரியாத்தான் சொன்னன்னு தலையை ஆட்டுனேன் டீச்சர். எட்டு மாசம் புடிச்ச புடி விடாம நின்ன புள்ளைகிட்ட, தப்புன்னு எப்படிச் சொல்ல? தலையாட்டுனதும் அவ சிரிச்சா. மேல் பல் முளைச்சிருச்சு, கொஞ்சம் கோணலா.

ஆனா அதுக்கப்புறமும் வாயைத் தெறக்கல. மேடம் எம்புட்டோ கேட்டுப் பாத்தாங்க. தெரியாது, தெரியாதுதான். வராந்தாவுல உங்களைத் தாண்டித்தான கூட்டிட்டுப் போனாங்க, உங்களை எப்படிப் பாத்துக்கிட்டே போனான்னு நீங்களும் பாத்திருப்பீங்க. அவ இன்னும் காத்துக்கிட்டு இருக்கா.

உங்களை மன்னிச்சுட்டேன்னு எழுத எனக்கு மனசு வரல. வந்தா எழுதுறேன். இந்த லெட்டருக்கு எனக்குப் பதில் போட வேண்டாம். மேடம்கிட்ட நான் கேட்டுட்டேன், அவங்க படிச்சுப் பாத்துட்டுக் குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. அவளுக்கு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, இனிமே சொல்லலாம்னு. உங்க கையெழுத்து அவளுக்குத் தெரியும், உங்ககிட்டத்தான அ, ஆ படிச்சா. வார திங்கக்கிழமை நான் கொண்டுபோய்க் காட்டணும், அதுக்குள்ள சுருளி அண்ணேகிட்டக் குடுத்தனுப்பிருங்க.

பெரிய எழுத்தா எழுதுங்க டீச்சர். அவ எழுத்துக்கூட்டித்தான் படிப்பா.

காவ்யாவோட அம்பா,
ரங்கநாயகி